செத்தவர் பங்கு

ஓன்சா அண்ணன் புத்தர் கோயிலில் சாமியாகப் போகிறார் என்ற செய்தி வந்தபோது நான் கம்பாய் அக்காளின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னவள் அவள்தான். சொல்லும்போதே கருவியில் எண் நூற்று எழுபதைத் தாண்டியது.

"பேசாம இருக்கா. பேசினா ஏறும்" என்றேன்.

"பேசாம இருந்தா மட்டும் எறங்கிடுமா?" என்றாள்.

எங்கள் ஊரின் சுகாதாரத் தொண்டர்களில் நானும் ஒருத்தி. என் பெயர் லம்துவன். பட்டையும் சர்க்கரை பார்க்கும் கருவியும் பையில் போட்டுக்கொண்டு மாதம் இரண்டு தடவை வீடு வீடாகப் போக வேண்டும். என் பங்குக்குப் பன்னிரண்டு வீடு. அதில் நாலு பூட்டிக் கிடக்கிறது. மிச்சம் எட்டில் அறுபதுக்குக் கீழே உள்ள உயிர் என்று பார்த்தால் நாய்களும் கோழிகளும்தான். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற எனக்கே அறுபத்தொன்று ஆகிறது.

"எதுக்குக்கா இந்த வயசுல அண்ணனுக்குக் காவி?"

"சோத்துக்குத்தான். பின்ன ஞானம் வந்து போறாருன்னு நெனச்சியா?"

பின்பக்கம் மழைநீர்ச் சாடிக்குப் பக்கத்தில் அவள் புருஷன் ஓன்சா அண்ணன் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். "எனக்கு எல்லாம் காதுல விழுது" என்றார்.

"விழட்டும்னுதான் சொல்றேன்."

அவருக்கு அறுபத்தெட்டு, அவளுக்கு இரண்டு வயது குறைவு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். கிடைப்பது சாப்பாட்டு நெல் பாதி வருஷத்துக்கு. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து போவதில்லை. போனாலும் வண்டிக்காரன் ஏற்றுவதில்லை. ஒரே மகன் விராட் பாங்காக்கில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், அவன் வீட்டில் அவன் பெண்டாட்டி படுத்த படுக்கை. அரசாங்கம் கொடுக்கும் முதியோர் பணம் கரண்டுக்கும் காஸுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிக்கும் சரியாகப் போய்விடும். அதற்கப்புறம் மீன் வாங்குவதா மருந்து வாங்குவதா என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்த வீட்டில் சண்டை நடக்கும்.

கோயிலுக்கும் ஆள் தேவைப்பட்டது. பெரிய சாமிக்கு எழுபத்து நாலு, கண் சரியாகத் தெரியாது. இன்னொரு சாமிக்குக் காது கேட்காது. மழைக்காலம் முடிந்து காவித்துணி சாத்தும் விழாவுக்கு ஐந்து சாமியாவது வேண்டும். போன வருஷம் பக்கத்து ஊர்களிலிருந்து கைமாற்று வாங்கித்தான் நடத்தினோம். இளவட்டம் எல்லாம் ஃபேக்டரிக்குப் போய்விட்ட ஊரில் மொட்டை அடிக்க ஒரு தலை கிடைத்தாலே போதும் என்ற நிலைமை.

"ஒரு வாய் கொறையுமில்ல" என்றார் அண்ணன் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு வந்து. "எனக்கு அங்க சோறு. இங்க இவ ஒருத்திக்கு ஆக்கிக்கிட்டா போதும். மாசக் கடைசில சண்டை போட ஆள் இருக்காது."

"சர்க்கரை இருக்கே அண்ணே."

"அது என்ன, ஒட்டுவாரொட்டியா?"

கோயிலில் ஆரோக்கியச் சான்று கேட்டார்கள். சுகாதார நிலையத்துக்கு அவரை என் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனவள் நான்தான். 'நன்றாக நடக்கிறார்' என்று அங்கே சொன்னவளும் நான்தான். நன்றாகத்தான் நடந்தார், பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

தலை மழிக்கும்போது முதல் கற்றையைக் கம்பாய் அக்காள் வெட்டினாள். வெட்டுவதற்கு அங்கே முடி அதிகம் இல்லை. மண்டபத்தில் குஷ்டம் உண்டா, காசம் உண்டா, வலிப்பு உண்டா என்று வரிசையாகப் பாலி மொழியில் கேட்டார்கள். இல்லை, இல்லை என்று ஒப்பித்தார். சர்க்கரை உண்டா என்று புத்தர் காலத்தில் கேட்காமல் விட்டுவிட்டார்கள். காவி கட்டி வெளியே வந்தவர் முன்னால் அக்காள் முழங்காலில் உட்கார்ந்து மூன்று தரம் தலையைத் தரையில் வைத்துக் கும்பிட்டாள். அவர், "நல்லா இருங்க தாயி" என்றார். சாமிகள் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவது. நாற்பத்தாறு வருஷம் "ஏய்" என்று கூப்பிட்ட வாய்க்கு அன்றைக்கு அது கொஞ்சம் கஷ்டப்பட்டது.

வயசான பிறகு காவி கட்டுகிறவரைத் தாத்தா சாமி என்போம். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

கணக்கு தப்பியது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அண்ணன் வீட்டில் இருந்தபோது மூங்கில் குருத்துக் குழம்போ, புளித்த மீனை இடித்த துவையலோ ஏதாவது ஒன்று போதும். இப்போது அவர் சாமி. காலையில் தெருவில் வரும்போது பாத்திரத்தில் ஒட்டரிசிச் சோறு வைத்துவிட்டு, குழம்பு கறிகளைப் பின்னாலேயே கோயிலுக்குத் தூக்கிப்போக வேண்டும். நாலு பேர் பார்க்கக் கூடையைத் திறக்க வேண்டும். கம்பாய் அக்காள் நாலரை மணிக்கு எழுந்து, ஊறிய அரிசியை மூங்கில் கூடையில் அவித்து, கோழி முட்டை இருந்தால் முட்டை, குளத்து மீன் கிடைத்தால் மீன் சுட்டு எடுத்துப்போனாள். திரும்பி வந்து உப்பும் மிளகாயும் தொட்டுக்கொண்டு தான் சாப்பிட்டாள்.

"கோயில்ல மிச்சம் இருக்குமே, சாமிங்க எழுந்தப்புறம் உக்காந்து சாப்பிடலாமேக்கா. எல்லாரும் சாப்பிடுறாங்களே" என்றேன்.

"எல்லாரும் சாப்பிடலாம். நான் சாப்பிட்டா, புருஷனைக் கோயில்ல சேத்துட்டுப் பின்னாடியே இவளும் வந்துட்டான்னு சொல்லுவாளுங்க."

சொல்லுவார்கள். சொல்லியும் விட்டார்கள்.

இரண்டாம் மாதம் சாமிகளுக்குச் சர்க்கரை பார்க்கப் போனேன். பெண்பிள்ளை சாமியைத் தொடக்கூடாது. கருவியைத் துணிமேல் வைத்துத் தள்ளிவிட்டு இரண்டு முழம் தள்ளி உட்கார்வேன். அவர்களே விரலைக் குத்தி ரத்தம் வைக்க, நான் எட்டிப்பார்த்து எண்ணைப் படிப்பேன். வீட்டில் நூற்று நாற்பதைத் தாண்டாத ஓன்சா சாமிக்கு அன்றைக்கு இருநூற்று அறுபது.

"என்ன சாப்பிடுறீங்க?"

"குடுக்கறத."

கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தவள். மைதா உருண்டையைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் காய்ச்சினது, பனைவெல்லத்தில் ஊறின வாழைப்பழம், முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் சொட்டுச் சொட்டாக ஊற்றினது. மத்தியானத்துக்கு மேல் சாமிகள் சாப்பிடக்கூடாது, குடிக்கலாம். அதனால் சாயந்திரத்துக்குச் சிவப்பு சோடா, இனிப்பு டீ, டின்னில் அடைத்த பழரசம். எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு அனுப்ப வேண்டியதைச் சாமி வாய் வழியாகத்தான் அனுப்புவோம். செத்தவருக்கு என்ன பிடிக்குமோ அதைச் செய்து சாமிக்குப் படைத்து, அவர் சாப்பிட, நாம் தண்ணீர் வார்த்து இன்னாருக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டால் அது போய்ச் சேரும். வருஷத்துக்கு வருஷம் செத்தவர்கள் ஏறிக்கொண்டே போகிறார்கள், சாமிகள் குறைந்துகொண்டே போகிறார்கள். மூன்று கிழவர்கள் ஒரு சுடுகாட்டுக்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாமிகள் மூன்று மாதம் கோயிலிலேயே தங்கும் மழைக்கால வாசம் தொடங்கி மூன்றாம் வாரம் அவர் காலில் காயம் பட்டது. சோறு வாங்க வருகிற சாமி செருப்புப் போடக்கூடாது. தெருவில் உடைந்து கிடந்த ஓட்டுச் சில்லு ஏறியிருக்கிறது, மரத்துப்போன காலுக்குத் தெரியவில்லை. சோறு வைக்கிறவர்கள் முழங்காலில் இருப்பதால் சாமியின் முகத்தைப் பார்ப்பதில்லை, பாதத்தைத்தான் பார்ப்பார்கள். ஈர சிமெண்டுத் தெருவில் சிவப்பாக ஒற்றை அடித்தடம் வருவதை முதலில் பார்த்தவள் கம்பாய் அக்காள்.

"சாமி, கால்ல ரத்தம்."

அவர் குனிந்து பார்த்தார். "அட" என்றார். அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அவள் சோற்றுக் கூடையைப் போட்டுவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் மருந்துப் பையோடு கோயிலுக்குப் போய், மருந்தைத் துணிமேல் வைத்துத் தள்ளினேன். கண் தெரியாத பெரிய சாமி காயத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ மருந்து போட்டார். காது கேட்காத சாமி கட்டு கட்டினார். நான் "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. கம்பாய் அக்காள் படிக்கட்டில் நின்று இரண்டு கையையும் இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏழு வருஷமாக அந்தக் காலை ராத்திரி தோறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி விரலிடுக்கெல்லாம் துடைத்தது அந்தக் கைதான்.

அடுத்த விரத நாளன்று சாப்பாட்டு மண்டபத்தில் இருபது பெண்கள் இருந்தோம். படையல் வைத்து முடிந்ததும் அக்காள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் வாய் திறக்காதவள்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஓன்சா சாமிக்குச் சர்க்கரை ஏறிப்போச்சு. கால் புண் ஆற மாட்டேங்குது. இனிப்பு வெக்காதீங்க. காய் வைங்க, மீன் வைங்க. இனிப்பு மட்டும் வேணாம். கையெடுத்துக் கும்பிடுறேன்."

 என் வயசுக்காரி புவாலி, முன்னால் வைத்திருந்த தேங்காய்ப்பால் கிண்ணத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ என் புருஷன் என்ன சாப்பிடுவாரு?"

"உன் புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு புவாலி."

"அதனாலதான் கேக்குறேன். உசுரோட இருந்தா அடுப்படில அவரே எடுத்துத் தின்னுட்டுப் போவாரு. உன்கிட்ட வந்து ஏன் நிக்கப் போறேன்?"

"மீன் வையேன். அவருக்கு மீனும் புடிக்குமே."

"அவருக்கு என்ன புடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் புவாலி. யாரோ சிரித்தார்கள்.

தூணோரம் இருந்த சந்தா பாட்டி சிரிக்கவில்லை. "எம் பொண்ணு பைக்ல அடிபட்டுச் சாகும்போது பதினெட்டு வயசு" என்றாள். "அதுக்கு மீன் கவுச்சியே ஆகாது. சிவப்பு சோடான்னா உசுரு. முப்பது வருஷமா வெக்கிறேன். இப்ப நிறுத்தினா அம்மா மறந்துட்டான்னு நெனச்சுக்காதா?"

"பெரிய சாமிக்கு வைங்களேன்."

"அவருக்கும்தான் சர்க்கரை இருக்கு!" என்று நான் குறுக்கே கத்தினேன்.

"அப்போ யாருக்குத்தான் வெக்கறது? சொல்லு லம்துவன். நீதான் மிஷின் வெச்சிருக்கியே."

 என் அம்மாவுக்காக நான் கொண்டுவந்திருந்த பூசணிப் பாயசம் என் மடிக்கு முன்னாலேயே இருந்தது.

"செத்தவங்க ஒரு நாள் பட்டினி கெடந்தா செத்தா போயிடுவாங்க?" என்றாள் கம்பாய் அக்காள்.  "இவரு போயிடுவாரு. இவரு உசுரோட இருக்காரு."

"ஆமா. உனக்குப் புருஷன் உசுரோட இருக்கான். அந்தத் திமிருலதான் பேசுற" என்றாள் புவாலி.

கிண்ணங்கள் ஒன்றுவிடாமல் மேடைக்குப் போயின. நான் என் பாயசத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். எடுத்து வரவில்லை. அன்றைக்கு அம்மா செத்த நாள்.

சாயந்திரம் அக்காள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பெண்பிள்ளை தனியாகச் சாமியிடம் பேசக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். நாற்பத்தாறு வருஷம் ஒரே கொசுவலைக்குள் தூங்கின புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் காவல் உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு மேல் இரண்டு பேரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"காவியைக் கழட்டிட்டு வீட்டுக்கு வந்துடுங்க."

"மழைக்காலம் முடியட்டும் தாயி. நடுவுல கழட்டினா நல்லா இருக்காது. பெரிய சாமி என்னை நம்பிக்கிட்டு இருக்காரு."

"என்னைத் தாயின்னு கூப்பிடாதீங்க."

"வேற என்னன்னு கூப்பிடறது? இங்க அதான் வழக்கம்."

"சரி, பலகாரத்தையாவது தொடாதீங்க. வெச்சா வெச்சுட்டுப் போகட்டும்."

அவர் காலைக் காவிக்குள் இழுத்துக்கொண்டார். "தொடலேன்னா புவாலி அழுவுறா. ஒரு வாய் எடுத்தா, 'சாப்பிட்டாரு, எங்காளு சாப்பிட்டாரு'ன்னு சிரிக்கிறா. ஒன்பது வருஷமா வேற எதுக்கும் அவ சிரிச்சு நான் பாத்ததில்ல. அந்த வாயை எப்படி மூடறது?"

"உங்க வாயை மூடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நெசத்தைச் சொல்லவா?" என்றார் சாமி. என்னைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை போல. "எனக்கு இங்க புடிச்சிருக்கு லம்துவன். மரவள்ளி புடுங்கப் போனா எவனும் பேரு கேட்டதில்ல. தோட்டத்து மொதலாளி 'ஏ கெழவா, வேகமா'ம்பான். அதே ஆளு போன வாரம் காரை நிறுத்திட்டு எறங்கி வந்து என் முன்னாடி மண்டி போடுறான். நான் சாப்பிட்டா நாலு பேருக்குப் பசியாறுதுங்கறாங்க. வீட்டுக்குப் போனா நான் என்ன? இவ பானைல பாதி."

"அந்தப் பாதியைத் தின்னுட்டுப் போங்களேன்" என்றாள் அக்காள். "இப்ப மட்டும் என்ன மிச்சம் புடிச்சேன்? வீட்ல இருந்தப்போ பாதி போட்டேன், இப்ப முழுசும் உங்களுக்குத்தான் போடறேன். ஒரு வாய் கொறையும்னீங்களே, எந்த வாய் கொறஞ்சுது தெரியுமா? என் வாய்."

 அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதே" என்றார்.

"தெரிஞ்சுதில்ல? வாங்க."

"விழா முடியட்டும். ரெண்டு மாசம்தான். அஞ்சு பேர் சேந்துட்டா அன்னிக்கே கழட்டிடறேன். கம்பாய், சொல்றேனில்ல." தாயி போய்ப் பெயர் வந்துவிட்டது. அந்த ஒரு பெயருக்காகவே அவள் சரி என்று சொல்லிவிட்டாள் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவள் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். நானாவது பிடித்திருக்க வேண்டும்.

எங்கள் பிறைக் கணக்கில் பத்தாம் மாதப் பௌர்ணமி செத்தவர்களுடைய பெரிய நாள். பாங்காக்கிலிருந்தும் ஃபேக்டரி ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பூட்டின வீடுகள் திறக்கும். உயிரோடு இருக்கிற தாய் தகப்பனுக்கு இரண்டு நாள் முகத்தைக் காட்டிவிட்டு, செத்த தாத்தா பாட்டிக்குப் பெட்டி பெட்டியாகப் பலகாரம் வாங்கிப் படைத்தார்கள். அன்று காலை சாமிக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. மேடையில் உட்கார்ந்து ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு வாய் எடுத்தார். எண்பது கிண்ணம் இருக்கும். கம்பாய் அக்காள் கீழே உட்கார்ந்து அவர் கை ஒவ்வொரு தடவை வாய்க்குப் போகும்போதும் உதட்டைக் கடித்தாள். நாற்பதாவது கிண்ணத்துக்கு மேல் அவர் கை நடுங்கியது. பார்த்தவர்கள் வயசு என்று நினைத்தார்கள்.

மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கணுக்கால் வரை கறுத்திருந்தது. காலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுப்பதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. இருபது வயது நர்ஸ் பெண்கள் அவர் கையைப் பிடித்தார்கள், நெற்றியைத் துடைத்தார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். கம்பாய் அக்காள் கட்டிலின் கால்மாட்டில் கைகூப்பி நின்றாள். நாலாம் நாள் மத்தியானம் உயிர் போயிற்று.

"இப்பவாவது தொடலாமா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்குப் போன் போட்டேன். ஊரிலிருந்து ஆண்கள் வருகிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பெரிய சாமி சொல்லிவிட்டார்.

எரிக்கும்போது நல்ல கூட்டம். ஏழு ஊர்ச் சாமிகள் வந்தார்கள். கூலிக்கார ஓன்சாவாகச் செத்திருந்தால் முப்பது பேர் வந்திருப்பார்கள். செலவு முழுக்கக் கோயில் பார்த்துக்கொண்டது. அதைச் சொல்லித்தான் எல்லாரும் அக்காளுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அப்புறம் நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது. நூற்று முப்பது. முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று கூடத் தோன்றியது.

அண்ணன் செத்த நூறாம் நாள் குளிர் தொடங்கியிருந்தது. காலையில் நான் கோயிலுக்குப் போய்ப் பெரிய சாமிக்குச் சர்க்கரை அளவு பார்த்தேன். இருநூற்று எண்பத்து நாலு. எண்ணை உரக்கப் படித்தேன். "சரி, சரி" என்றார்.

கம்பாய் அக்காள் எட்டு மணிக்குக் கூடையோடு வந்தாள். தேங்காய்ப்பாலில் பனைவெல்லம் கரைத்து வாழைப்பழம் வேகவைத்திருந்தாள். நல்ல கெட்டியாக, வாசனை மண்டபம் முழுக்க அடித்தது. புவாலி நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

நான் அவள் காதோரம் குனிந்தேன். "அக்கா, பெரிய சாமிக்குக் காலைல இருநூத்தி எண்பத்தி நாலு."

"நீ படிச்சது வாசல்லயே கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா?"

அவள் கிண்ணத்தின் விளிம்பில் வழிந்ததை விரலால் துடைத்தாள்.

"ஏழு வருஷம் அவர் வாய்க்குக் காவல் இருந்தேன் லம்துவன். ஒரு துண்டு, ஒரே துண்டுன்னு கேப்பாரு. குடுத்ததில்ல. இப்பவும் குடுக்கலேன்னா நான் மனுஷியா?"

முழங்காலில் போய்க் கிண்ணத்தைத் துணிமேல் வைத்தாள். பெரிய சாமி கரண்டியால் துழாவி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்று விழுங்கினார். அவர் இன்னொரு துண்டையும் எடுக்கும் வரை கம்பாய் அக்காள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.